ஓட்டு வீட்டை இடிப்பது யார்?

திண்டிவனம், விழுப்புரம் பழைய தெருக்களில் ஓட்டு வீடுகள் மறைவதற்கு இளைய தலைமுறையின் ரசனைக் குறைவுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். நான் ஒப்ப மாட்டேன். இடிப்பது ரசனை அல்ல, ரோடு.

அந்தக் கொத்தனார்கள் கணக்குத் தெரிந்தவர்கள். தெருவைவிட மூன்று படி உயரத்தில் திண்ணை. பிறகு ரேழி, கூடம், நடுவில் முற்றம். நாட்டு ஓட்டில் வழியும் மழை முற்றத்தில் விழுந்து, தூம்பு வழியே தெருவுக்கு ஓடிவிடும். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொழிற்சாலை வந்தபின் பரவிய சீமை ஓடும் இந்த அமைப்பைக் கெடுக்கவில்லை.

கெடுத்தது தார். பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் படிகள் புதைந்தன. தூம்புத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புகிறது. மண் சாந்துச் சுவர் எத்தனை ஐப்பசி தாங்கும்? சுரண்டிவிட்டே போட வேண்டுமென 2021-ல் தலைமைச் செயலரே எழுத்தில் சொன்னார். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: சுற்றறிக்கை கோப்புக்குள் போய்விடும், தார் லாரி தெருவுக்கு வந்துவிடும்.

நான் படித்த பிரெஞ்சில் தரைத்தளத்துக்கு 'ரே-த-ஷொஸே' என்று பெயர். ரோட்டு மட்டத்தில் இருப்பது என்று பொருள். நம் வீடுகளுக்கு அந்தப் பெயர்கூடப் பொருந்தாது, ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. பக்கத்துப் புதுச்சேரியில் வைசியாள் வீதி முகப்புகளை இன்டாக் மீட்டது. இங்கே அதெல்லாம் வேண்டாம். அடுத்த முறை தார் கொட்ட வருகிற கான்ட்ராக்டரிடம், சுரண்டும் மெஷின் எங்கே என்று தெருவே கூடிக் கேட்போம்.