துடிப்பை எண்ணினால் தூரம் தெரியுமா?

மார்பில் ஒரு பட்டை, முகத்தில் ஒரு முகமூடி, நின்ற இடத்திலேயே மிதிக்க ஒரு வண்டி. அரைமணி நேரச் சோதனையில் ஒருவர் எத்தகைய நெடுந்தூர சைக்கிள் வீரராவார் என்று சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கை இன்று வேரூன்றிவிட்டது. அளவீட்டை நாம் எதிர்க்கவில்லை; அது ஜாதகமாக்கப்படுவதையே எதிர்க்கிறோம்.

அளவீட்டுக்கு உரிய மதிப்பை முதலில் அளித்துவிடுவோம். 1920களில் ஆங்கிலேய உடலியலாளர் ஏ. வி. ஹில், ஓடுபவர்களின் மூச்சுக்காற்றைப் பைகளில் பிடித்து ஆராய்ந்து, உடல் உட்கொள்ளும் ஆக்ஸிஜனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்றார். ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மில்லிலிட்டர் என்பது அதன் கணக்கு. சாதாரண இளைஞருக்கு 40 சொச்சம். தேர்ந்த வீரருக்கு 70க்கு மேல். நாற்பதுக்காரர் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தை வெல்லப்போவதில்லை என்பது மெய்தான். ஆனால், எழுபதைத் தாண்டிய நூறு பேர் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது அவர்களுள் யார் வெல்வார் என்பதல்லவா கேள்வி? அங்கே இந்த எண் வாய்மூடிக்கொள்கிறது.

1988இல் எட்வர்ட் காயில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பதினான்கு வீரர்கள், ஆக்ஸிஜன் உச்சம் ஏறத்தாழ ஒன்றே. அந்த உச்சத்தின் 88 விழுக்காட்டில் மிதித்தபோது ஒரு சாரார் சராசரியாக 29 நிமிடத்தில் ஓய்ந்தனர். மறுசாரார் 60 நிமிடம் தாங்கினர். வேறுபாடு நுரையீரலின் கொள்ளளவில் இல்லை. கால் தசையில், அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களில், பயிற்சியால் பழுத்த பொறுமையில் இருந்தது.

சரி, இதயத் துடிப்பைக் கேட்போம் என்பார்கள். 1982இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ கொன்கோனி, வேகம் கூடக் கூட நேர்கோட்டில் ஏறும் துடிப்பு ஓரிடத்தில் வளைகிறது, அந்த வளைவே தாக்குப்பிடிக்கும் எல்லை என்றார். 1984இல் அவரது வழிகாட்டலில் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் கடந்தார். உலகம் வளைவைக் கொண்டாடியது. உயர்ந்த நகரின் மெல்லிய காற்றும், வட்டத்தகடு போன்ற சக்கரங்களும் கூடவே இருந்தன. இரத்தம் ஏற்றிக்கொண்டதாகவும் பிற்காலத்தில் மோசரே ஒப்புக்கொண்டார். அன்று அதற்குத் தடையில்லை. பின்னர் வந்த ஆய்வுகளோ, அந்த வளைவு எல்லாரிடமும் தென்படுவதில்லை என்றன. ஆக, இரத்தப் பைக்குச் சேர வேண்டிய புகழில் ஒரு பங்கை வரைபடம் எடுத்துக்கொண்டது!

துடிப்பு நிலையான சாட்சியும் அன்று. வெயில், உறக்கமின்மை, நீரிழப்பு, பதற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் அது ஆடும். ஒரே விசையில் நெடுநேரம் மிதித்தாலும் அது மெல்ல ஏறிக்கொண்டே போகும். 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்னும் வாய்பாடோ, ஒரே வயதினரிடையே பத்துத் துடிப்புக்கு மேலும் பிழைபடக்கூடியது.

நார்வேயின் ஆஸ்கர் ஸ்வென்ட்சனை நினைவுகூர்வோம். 2012இல், தம் 18ஆம் வயதில், ஆக்ஸிஜன் உச்சம் 97.5 என்று பதிவாயிற்று, உலகம் வியந்தது. அதே ஆண்டு இளையோர் உலகத் தனிநேரப் பந்தயத்தையும் வென்றார். 2014இல், இருபது வயதில், பந்தயத்தையே விட்டு விலகினார். எண் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவர்களே தவறினார்கள். தொடர்ந்து மிதிக்க மனம் இருக்குமா என்பது எந்த முகமூடியிலும் பதிவாவதில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது வெந்துகொண்டிருக்கும் சோற்றுக்கு. அடுப்பில் இன்னும் ஏறாத அரிசியை நசுக்கிப் பார்த்து, 'இது வேகாது' என்று கொட்டுவது எந்த ஊர்ச் சமையல்? ஒற்றை எண்ணைக் காட்டிப் பதினாறு வயதுச் சிறுவனை வாசலிலேயே திருப்பியனுப்பும் பயிற்றுநர் அதைத்தான் செய்கிறார். பயிற்சியால் உயரக்கூடிய ஒன்றை, பயிற்சி தொடங்கும் முன்பே தீர்ப்பாக்கிவிடுகிறார்.

அளவிடுங்கள். ஆண்டுதோறும் அளவிட்டு, ஒருவரை அவரது நேற்றோடு ஒப்பிடுங்கள், பயிற்சியைத் திருத்துங்கள். வாசலை அடைக்க மட்டும் அந்த எண்ணைத் தாழ்ப்பாளாக்காதீர்கள் என்பதே நம் தரப்பு.