86 டாலர் கட்டி 25 லட்சம் வென்றவர். மற்ற 776 பேர்?

சீட்டாட்டத்தில் கோடீஸ்வரரானவர் என்று பேச்சு வந்தால், பெரும்பாலும் முதலில் வரும் பெயர் கிறிஸ் மணிமேக்கர். அது சொந்தக் குடும்பப் பெயர்தான்! அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போக்கர் தொடருக்குத் தகுதி பெற்றார். 2003-இல் லாஸ் வேகாஸில் 25 லட்சம் டாலர் வென்றார்.

திறமை இல்லாமல் இல்லை. இறுதி ஆட்டத்தில் கையில் ஒன்றுமே இல்லாத நிலையிலும் துணிந்து மொத்தத்தையும் பந்தயமாக வைத்து, அனுபவசாலி சாம் ஃபர்ஹாவைப் பின்வாங்க வைத்தார்.

ஆனால் அன்று ஆடியவர்கள் 839 பேர். பரிசு கிடைத்தது 63 பேருக்கு. மீதி 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மறு ஆண்டே ஆட வந்தவர்கள் 2,576 பேர். 2006-இல் 8,773 பேர்.

கெடாவில் 2023 தொடக்கத்தில் நம்பர் கடைகளின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. கைப்பேசிக்கு உரிமம் தேவையில்லையே. பீடோங் தோட்டத்து வீட்டிலிருந்தும் ஆடலாம். அந்தத் தளம் வென்ற பணத்தைத் தராமல் ஏமாற்றினால், புகார் கொடுக்கப் போகிறவரே 1953-ஆம் ஆண்டு பொதுச் சூதாட்ட மையச் சட்டத்தில் சிக்கக்கூடும்.