பத்து சதவீதம் சட்டமல்ல

திருப்பதியிலும் சித்தூரிலும் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்தால் வாடகை 10 சதவீதம் ஏறியே தீரும், அதுதான் சட்டம், அதில் பேச ஒன்றுமில்லை என்கிறார்கள். வீட்டுக்காரர்களும் இதையே நம்புகிறார்கள். புரோக்கர்களும் இதையே சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பதினோரு மாதம் வந்த வழி வேறு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டு மத்தியப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின் மூல வாசகம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதுகிறார்கள். வாடகை எவ்வளவு ஏற வேண்டும் என்று அந்தச் சட்டம் பேசவே இல்லை. மாநிலங்களுக்கு வழிகாட்டியாக மத்திய அரசு 2021-இல் ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும் வாடகையை இருவரின் சம்மதத்துக்கே விடுகிறது. உயர்த்துவதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. ஆக, 10 சதவீதம் என்பது வெறும் பழக்கம்.

அது சந்தை நிலவரமும் அல்ல. திருப்பதியில் பல்கலைக்கழகம், மருத்துவமனைகள், தேவஸ்தான வேலை எல்லாம் இருக்கின்றன. 2015-இல் ஐஐடி வந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைமையிடம். சித்தூருக்கு அந்த நெருக்கடி இல்லை. தேவை இவ்வளவு வேறுபடும் இரண்டு ஊர்களில், திருப்பதியின் பைராகிப்பட்டெடாவிலும் சித்தூரின் கிரீம்ஸ்பேட்டையிலும், ஒரே சதவீதம் கேட்கப்படுகிறது என்றால் அதைச் சந்தை நிர்ணயித்ததாக எப்படிச் சொல்வது? பழக்கம் சிறிதாகத் தெரிந்தாலும் அதன் விளைவு பெரிது. 10,000 ரூபாய் வாடகை ஐந்து புதுப்பித்தலில், அதாவது ஐந்தாண்டு நிறைவதற்குள், 16,105 ஆகிவிடும். எட்டாவது புதுப்பித்தலில் இரட்டிப்பையும் தாண்டும். எத்தனை பேருடைய சம்பளம் அந்த வேகத்தில் ஏறுகிறது?

வீட்டுக்காரரின் செலவும் ஏறுகிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். 2021-இல் ஆந்திராவில் சொத்து வரி, வாடகை மதிப்பை விட்டு மூலதன மதிப்புக்கு மாறியபோது பலருக்கு வரி கூடியது. ஆனால் வரி கூடுவது ரூபாயில். ரசீதைக் காட்டி அந்தத் தொகையைக் கேட்கலாம், குடியிருப்பவரும் கொடுக்கலாம். வரியைக் காரணம் காட்டி மொத்த வாடகையையும் சதவீதத்தால் பெருக்குவது கணக்கில் சேராது. நீ போனால் வேறு ஆள் வருவான் என்ற வாதத்தையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். 12,000 ரூபாய் வீட்டுக்குக் குடியிருப்பவர் 5 சதவீதம் தருகிறார், உரிமையாளர் 10 கேட்கிறார். வித்தியாசம் மாதம் 600. பதினோரு மாதத்துக்கு 6,600. வீடு ஒரே மாதம் காலியாகக் கிடந்தால் போவது 13,200. வெள்ளையடிப்பும் புரோக்கர் கமிஷனும் அதற்கு மேல். ஒழுங்காகப் பணம் தரும் குடும்பத்தை 600 ரூபாய்க்காக அனுப்பும் உரிமையாளர், தன் பணத்தைத்தான் இழக்கிறார்.

பேரம் பேசினால் உடனே காலி செய்யச் சொல்வார்களே என்ற அச்சம் இன்னொன்று. புதுப்பிக்க மறுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. இதை மறைப்பதில் பயனில்லை. கெடு முடிந்த மறுநாளே பூட்டை மாற்றும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டை மீட்க 1963-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆவது பிரிவு இடம் தருகிறது. புதுப்பிக்கும்போது 10 சதவீதம் என்று நீங்களே கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது உங்கள் கை தாழ்ந்தே இருக்கும். முதல் அக்ரிமென்ட்டில் அந்த வரியை வாசிக்காமல் விடுவதுதான் உண்மையான தவறு. முத்திரைத்தாளில் டைப் செய்து வரும் எல்லாமே மாற்ற முடியாதது என்று யாரும் நினைக்க வேண்டாம். கையெழுத்துக்கு முன்பு எதையும் அடித்து எழுதலாம்.

ஆகவே கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே வாய் திறந்து பேசுங்கள். அதே தெருவில் காலியாக இருக்கும் மூன்று வீடுகளின் வாடகையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். பேசி முடித்த தொகையை எழுத்தில் வாங்குங்கள்.