கீரி முடியில் தீட்டும் ஓவியம்

ஓவியத் தூரிகைக்காகக் கீரியைக் கொல்வது இந்தியாவில் குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடித்தாலும் அதன் முடியை விற்றாலும் சிறைதான். ஆனாலும் உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் போன்ற தூரிகைத் தொழில் ஊர்களில் அந்த முடி பிடிபட்டு வந்திருக்கிறது. 2019இல் வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு அங்கும் வேறு மாநிலங்களிலும் பெரிய சோதனையே நடத்தியது. செம்மறியாட்டைப் போல மயிரைக் கத்தரித்துவிட்டு மேய அனுப்பக்கூடிய பிராணி அல்ல கீரி. கண்ணி வைத்துப் பிடித்து, அடித்துக் கொன்றுதான் முடியை எடுக்கிறார்கள். ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ 50 கீரிகள் என்பது வன உயிரின ஆர்வலர்களின் கணக்கு.

கீரி முடிக்கு மாற்றான நைலான் இழையில் நீர் நிற்காது, கோடு சரியாக விழாது என்கிறார்கள் சில ஓவியர்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்றைய செயற்கை இழைகள் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டன. மிஞ்சும் சிறு வேறுபாட்டுக்காக உயிரைப் பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கை இழையும் பிளாஸ்டிக்தானே என்பது நியாயமான மறுப்பு. நல்ல தூரிகையாக வாங்கி, கழுவிப் பேணிப் பல ஆண்டு வைத்துக்கொள்வதே அதற்கு வழி. தொழிலாளர் பிழைப்பு என்னாகும் என்ற கேள்விதான் கனமானது. ஆனால் முடியைச் சீராக அடுக்கி, நுனி கூட்டி, கட்டிப் பிடியில் பொருத்துவதுதான் அவர்களுடைய கைத்திறன். இழை மாறினாலும் அந்தத் திறனுக்கு வேலை உண்டு. மாறுவதற்கான கடனுதவியை அரசு தர வேண்டும்.

கடையில் தூரிகையின் முடியைப் பிரித்துப் பாருங்கள். நுனி கரும்பழுப்பாகவும் நடுவே வெளிறிய பட்டையாகவும் இருந்தால் கீரி முடியாக இருக்கலாம். என்ன முடி என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.