ஆத்தங்குடி தரைக்கு கோட்டிங் போடலாமா? நூறு வருஷம் தாங்கிய தரை ஒரே மழையில் வெளுப்பது ஏன்?

செட்டிநாட்டில் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடுகள் சில இப்போது மறுபடி திறக்கப்படுகின்றன. ஒரு வீடு தங்கும் விடுதியாகிறது, இன்னொன்று கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்குப் போகிறது. வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வந்து குடியேறும் வீடுகளும் உண்டு.

கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது தரைதான். தூசு படிந்து, நிறம் மங்கி, அங்கங்கே வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கும் ஆத்தங்குடி டைல்ஸ். விசேஷத்துக்கு இன்னும் ரெண்டே மாசம்தான் இருக்கும். உடனே சொல்லப்படும் யோசனை, ஆசிட் ஊற்றிக் கழுவி, மெஷின் போட்டு தேய்த்து, மேலே ஒரு எபாக்சி கோட்டிங் அடித்துவிடலாம் என்பது. மறுநாளே தரை கண்ணாடி மாதிரி மின்னும். சமூக வலைதளத்தில் 'முன்பு, பின்பு' வீடியோ போட அது போதும்.

சிக்கல் அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும். கோட்டிங்குக்கு அடியில் பால் ஊற்றியது போல வெள்ளைத் திட்டுகள் வரும். அப்புறம் கோட்டிங் செதில் செதிலாக உரியும். சில இடங்களில் டைல்ஸின் பூவும் சேர்ந்தே பெயர்ந்து வரும். இது ஏன் நடக்கிறது?

ஆத்தங்குடி டைல்ஸ் சுட்டது இல்லை

முதலில் ஒரு விஷயம். கடையில் வாங்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் சூளையில் சுட்டு எடுக்கப்படுவது. சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் டைல்ஸ் சுடப்படுவதே இல்லை. அது சிமென்ட் டைல்ஸ்.

ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவி, கடைசியில் சிமென்ட் கலவை போட்டு மட்டம் செய்வார்கள். காய்ந்து, தண்ணீரில் ஊறி இறுகிய பிறகு கண்ணாடி தனியாக வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் நாம் பார்க்கும் வழவழப்பான முகம். பாலிஷ் போடாமலே வந்த பளபளப்பு அது.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒன்று, நிறம் இருப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர் அடுக்கில் மட்டும்தான். இரண்டு, சிமென்ட் என்பதால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

இன்றைக்குக் கட்டும் வீடுகளில் தரைக்குக் கீழே ஈரம் ஏறாமல் தடுக்க பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பு அதெல்லாம் கிடையாது. மண்ணைக் கெட்டித்து, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதன்மேல் டைல்ஸ் பதித்தார்கள். பூமியின் ஈரம் எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். டைல்ஸ் வழியாகவும் இடுக்கு வழியாகவும் ஆவியாகிப் போய்விடும். வளவில் காற்றும் வெயிலும் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நிலைமை வேறு. வீடு வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கிறது. முற்றத்து மழைநீர் வெளியேறும் பாதை அடைத்திருக்கிறது. வீட்டைச் சுற்றி சிமென்ட் தளமும் பேவர் பிளாக்கும் போட்டாச்சு. அதனால் வெளியே மண் வழியாகப் போக வேண்டிய ஈரம், வீட்டுக்குள் வழி தேடுகிறது. பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்ட ஊர்களும் நிறைய. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, தரையில் தெரியும் வெள்ளை உப்பு நோய் இல்லை, நோயின் அறிகுறி. கீழே எங்கோ தண்ணீர் தேங்குகிறது என்று அது சொல்கிறது.

மேலே மூடினால் என்ன ஆகும்?

எபாக்சி, பாலியூரித்தேன் மாதிரி கோட்டிங்குகள் தரை மேல் ஒரு படலமாக உட்காரும். தண்ணீரை உள்ளே விடாது. அதே மாதிரி உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. இங்கதான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

ஏறி வரும் ஈரத்தில் மண்ணின் உப்பும் கரைந்து வரும். வழி திறந்திருந்தால் உப்பு மேலே வந்து தூளாகப் படியும், பெருக்கினால் போய்விடும். வழி அடைபட்டால் படலத்துக்கு அடியிலேயே படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும். அது டைல்ஸின் மேல் அடுக்கையே நெம்பித் தள்ளும். நிறம் இருப்பதும் அந்த அடுக்கில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. மிச்ச ஈரம் பக்கத்துச் சுவரில் ஏறும். தரைக்கு கோட்டிங் போட்ட பிறகு சுவர்ப் பூச்சு பொரிய ஆரம்பித்தால் இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

இது செட்டிநாட்டுக்கு மட்டுமான கதை இல்லை. இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து வீடுகளின் களிமண் டைல்ஸ் தரைகளிலும் இதே சிக்கல் உண்டு. அடியில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய தரையை இறுக்கி மூடாதீர்கள் என்பதுதான் அங்கேயும் பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் பொதுவான அறிவுரை.

திரும்ப வராத சேதம் எது?

கோட்டிங்கையாவது பொறுமையாக உரித்து எடுக்க முயலலாம். ஆசிட்டும் மெஷினும் செய்வதை மாற்ற முடியாது.

பாத்ரூம் கழுவும் ஆசிட் சிமென்டைக் கரைக்கும். ஊற்றியதும் நுரை பொங்கினால் அழுக்கு போகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் கரைவது டைல்ஸ். எலுமிச்சை, புளி, வினிகர் சிந்தினாலே முகம் மங்கும் பொருள் இது.

மெஷின் வைத்துத் தேய்ப்பது மார்பிளுக்கும் கிரானைட்டுக்கும் சரி. அவை உள்ளே வரை ஒரே கல். ஆத்தங்குடியில் நிறம் சில மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே பல தலைமுறை நடந்து தேய்ந்த இடத்தில் இன்னும் தேய்த்தால் பூ மறைந்து சாம்பல் நிறச் சிமென்ட் தெரியும்.

அப்போ சீலரே வேண்டாமா?

அப்படியும் இல்லை. சமையலறை, சாப்பாட்டுக்கூடம் மாதிரி எண்ணெயும் குழம்பும் சிந்தும் இடங்களில் பாதுகாப்பு தேவைப்படலாம். அதற்குப் படலமாக உட்காராமல் டைல்ஸுக்குள் இறங்கும் சீலர்கள் இருக்கின்றன. சிலேன், சிலாக்சேன் வகை என்று டப்பாவில் போட்டிருக்கும். இவை துளைகளை முழுக்க அடைப்பதில்லை. துளையின் உட்சுவரில் படிந்து தண்ணீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆவி வெளியேற வழி விடும். பளபளப்பு தராது என்பதால் வாங்குபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் தரைக்கு இதுதான் பாதுகாப்பு.

எதைப் பூசுவதாக இருந்தாலும் முன்னாடி ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒன்றரை அடி நீள, அகலத்தில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் 16 மணி நேரமாவது விட வேண்டும். எடுத்துப் பார்த்தால் அடியில் நீர்த்துளி இருக்கிறதா, டைல்ஸ் கறுத்திருக்கிறதா? அப்படியென்றால் அந்தத் தரை இன்னும் பூச்சுக்குத் தயாராகவில்லை. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை பார்ப்பது நல்லது.

செட்டிநாட்டு வீடுகளில் எல்லாமே ஆத்தங்குடி இல்லை என்பதும் முக்கியம். இறக்குமதியான ஜப்பான், இங்கிலாந்து டைல்ஸும் உண்டு. பீங்கான் மாதிரி மெருகு ஏறிய டைல்ஸில் எந்த சீலரும் இறங்காது, பூசுவது வீண். எது என்று சந்தேகம் வந்தால் உடைந்த துண்டின் ஓரத்தைப் பாருங்கள். மேலே மெல்லிய நிற அடுக்கும் கீழே சாம்பல் நிறமும் சொரசொரப்பும் தெரிந்தால் சிமென்ட் டைல்ஸ்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

* முதலில் தண்ணீர். முற்றத்துக் குழாய், ஓட்டு ஒழுகல், பாத்ரூம் கசிவு, சுவரை ஒட்டித் தேங்கும் மழைநீர் எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டும்.

* அடுத்து காற்று. ஜன்னல்களைத் திறந்து தரையை உலர விட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம்.

* உப்பைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பெருக்கி அள்ள வேண்டும்.

* அப்புறம்தான் கழுவுவது. ஆசிட் இல்லாத மிதமான சோப்பு, குறைந்த தண்ணீர், மென்மையான பிரஷ். அழுக்குத் தண்ணீரை உடனே துடைத்து எடுக்க வேண்டும்.

* ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்தால் பிடிப்பு விட்டது 'டொக் டொக்' என்று ஒலிக்கும். போட்டோ எடுத்து, எண் போட்டு, பெயர்த்து, சுண்ணாம்புக் கலவையிலேயே மறுபடி பதிப்பது நல்லது. இறுக்கமான சிமென்டில் பதித்தால் அடுத்த முறை எடுக்கும்போது டைல்ஸ்தான் உடையும்.

* உடைந்த டைல்ஸுக்குப் பதில், பீரோவுக்கு அடியிலோ உள் அறையிலோ இருக்கும் அதே காலத்து டைல்ஸை முன்னுக்குக் கொண்டு வரலாம். புதிதாகச் செய்ததை அந்த மறைவிடத்தில் வைக்கலாம். அளவும் பூவும் கொடுத்தால் செய்து தரும் பட்டறைகள் ஆத்தங்குடியில் இன்றும் உள்ளன.

* சீலர் வேண்டுமா என்ற கேள்வி கடைசியில்தான். அதையும் மூலையில் ஒரு டைல்ஸில் பூசிப் பார்த்த பிறகே.

யார் முடிவெடுப்பது?

'செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்' என்ற பெயரில் இந்தப் பகுதி 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் தனியார் வீட்டுக்குள் இருக்கும் தரையை என்ன செய்வது என்பது நடைமுறையில் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஓட்டு ஒழுகலைச் சரி செய்ய எல்லோரும் பணம் போட வேண்டும், அது வெளியில் தெரியவும் தெரியாது. கோட்டிங்குக்கு ஒருத்தர் செலவு செய்தால் போதும், எல்லோர் கண்ணிலும் படும். அவசியமான வேலை தள்ளிப்போவதும் அவசரமான வேலை முந்துவதும் இதனால்தான்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. இந்தத் தரை மின்னியதற்குக் காரணம் தினமும் பெருக்கித் துடைத்ததும், அவ்வப்போது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும், வீட்டில் ஆட்கள் வெறுங்காலோடு நடந்ததும்தான். ஆள் இல்லாத வீட்டில் அந்த வேலையை டப்பாவில் வரும் பூச்சு செய்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். விசேஷத்துக்கு இரண்டு மாதம் முன்பு பூச்சுக்குச் செலவழிக்கும் பணத்தில், வாரம் இரண்டு நாள் வீட்டைத் திறந்து ஜன்னலைத் திறந்து வைத்துத் துடைக்க ஊரிலேயே ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று பங்காளிகள் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.