பாம்புக்கடி தலையெழுத்து அல்ல!



தோட்டத்துக் கானில் மலைப்பாம்பு ஒன்று அகப்பட்டால் அன்றைக்குப் பெரிய கூட்டம். நாம் போனில் படம் எடுக்கிறோம். துரையும் ஜீப்பை நிறுத்திப் பார்க்கிறார். வனஜீவராசிகள் திணைக்களத்தார் வந்து சாக்கில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு பெரிய பாம்பு நாம் வேலை செய்யும் மலையில் எங்கே ஒளிந்திருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அது ஒளிந்திருந்தது நிர்வாகம் காடாக விட்ட மலையில்! 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆள் குறைந்தது, புல்வெட்டும் குறைந்தது. எத்தனையோ நம்பர்களில் இன்று மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அங்கே பன்றியும் எலியும் பெருகுகின்றன. இரை உள்ள இடத்துக்குப் பாம்பு வரத்தானே செய்யும்? நம் பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் குறுக்குப் பாதையும் அந்தப் புல்லுக்குள்தான்.

மலைப்பாம்புக்கு விஷம் இல்லை. சட்டம் அதைப் பாதுகாக்கிறது, அடிக்கக் கூடாது. ஆனால் ஆட்டுக்குட்டியை விழுங்கினால் நட்டம் நமக்கு. பெரிய பாம்பின் அருகே பிள்ளைகளை விடவும் கூடாது.

நம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோ ஒரு முழம் நீளக் கோப்பி விரியன். இலங்கையில் அதிகம் பேரைக் கடிப்பது இதுதான். காய்ந்த இலைக்குள் இலை போலவே கிடக்கும். சிலருக்குச் சிறுநீரகத்தையே பழுதாக்கிவிடும். ஆஸ்பத்திரியில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன் உட்பட நான்கு வகைப் பாம்புகளுக்கு உரியது. கோப்பி விரியன் கடிக்கு அது உதவாது. ஆகவே கடிபடாமல் காப்பதுதான் முக்கியம். அதற்குச் சப்பாத்து வேண்டும், துப்புரவான மலை வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் உடனே அரைப்பேர் போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது தெரியாதா?

"பாம்பு கடித்தால் கம்பனி என்ன செய்யும்?" என்று கேட்கிறார்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை அவர்கள் படிக்கட்டும். வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு நட்டஈடு கேட்க நமக்கு உரிமை உண்டு. புல் மண்டிய மலைக்கு நம்மை அனுப்பியது யார்? தலையெழுத்தா, நிர்வாகமா?

நமது கோரிக்கைகள்:

1. கொழுந்துக்கு ஆள் இறக்கும் முன் புல்லும் கானும் வெட்டப்பட வேண்டும்.
2. மலையில் வேலை செய்யும் எல்லோருக்கும் நீண்ட சப்பாத்தும் கையுறையும் கொடுக்க வேண்டும்.
3. கடிபட்டவரை ஏற்றிச் செல்லத் தோட்ட வாகனம் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்.
4. கடி நேர்ந்த அன்றே தோட்டப் பதிவில் எழுதப்பட வேண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குப் புல் மண்டிய நம்பர்களின் பட்டியலோடு வாருங்கள். அந்தப் பட்டியலைத் துரையின் மேசையில் எல்லோரும் சேர்ந்தே வைப்போம்!