ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு மாத்தணும்?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் மெயில் சர்வரை மாற்றலாமா என்று பேச்செடுத்தால் முதலாளியிடமிருந்து வரும் பதில் இதுதான்: "ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு மாத்தணும்?" ஏதோ திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் மாதிரி!

புல்லட் வேற மேட்டர் சாமி. நாற்பது வருஷத்து வண்டிக்கும் புதுப்பேட்டையில் ஸ்பேர் கிடைக்கும். இந்த மென்பொருளுக்கு ஸ்பேர் செய்வது ஒரே ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியே கை கழுவிவிட்டால்? மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013-க்கு ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்தது. 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கப்புறமும் சர்வர் ஓடும். அதுதான் வம்பே. வண்டி கெட்டால் நடுரோட்டில் நின்று காட்டிக்கொடுக்கும், ஓட்டை விழுந்த சர்வர் சத்தமே போடாது.

2021 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைய வழிவிட்ட ஓட்டைகளுக்கு 2-ஆம் தேதி பேட்ச் வந்தது. அதைப் போட்டு முடிப்பதற்குள் உலகம் முழுக்கப் பல்லாயிரம் சர்வர்களில் ஆள் புகுந்தாயிற்று. அன்றைக்காவது பேட்ச் வந்தது. அடுத்த ஓட்டைக்கும் இந்தப் பழைய பெட்டிக்கு வரும் என்று எழுதிக்கொடுக்க ஆள் இல்லை.

"நம்ம மெயில்ல என்னப்பா இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், டெலிவரி ஆர்டர், பேங்க் கணக்கு எண்... எல்லாம்தான் இருக்கிறது. உள்ளே வந்தவன் எதையும் உடைக்க வேண்டாம். பேசாமல் படித்துக்கொண்டே இருப்பான். இம்போர்ட்டர் டியூட்டிப் பணம் அனுப்பும் நாளில், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று ஆபீஸ் முகவரியிலிருந்தே ஒரு மெயில் போகும். போயே போச்சு. இருபது வருஷமாகச் சேர்த்த பெயரும் கூடவே போகும்.

"காசு போட்டு வாங்கினது" என்ற புலம்பலுக்கு பி.காம். படிக்கிற பிள்ளையே பதில் சொல்லும். மென்பொருளுக்கு வருமான வரியில் இன்றைய தேய்மானம் 40 சதவீதம். 1 லட்சத்துக்கு வாங்கியது 9 வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் சுமார் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்தைக் கட்டிக்கொண்டா அழுவது?

கிளவுடுக்குப் போனால் தலைக்கு இவ்வளவு என்று மாசாமாசம் வாடகை, அவன் ஏற்றினால் கட்டத்தான் வேண்டும் என்ற பயம் மட்டும் நியாயமானது. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போட்டால் லைசென்ஸ் செலவு கிடையாது, ஆனால் பார்த்துக்கொள்ள விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் இல்லாத ஆபீஸுக்கு வாடகையே மேல். மத்திய அரசு சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை, நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாற்றியது. gov.in, nic.in என்ற முகவரிகள் அப்படியேதான் இருக்கின்றன. 12 லட்சம் பேரை மாற்ற முடிகிறது, 12 பேர் இருக்கும் ஆபீஸை மாற்ற முடியாதாமா?

உண்மையான தலைவலி பழைய மெயில்தான். கஸ்டம்ஸ் புரோக்கர்களுக்கான 2018 விதிகளின்படி ஆவணங்களை 5 வருஷமாவது வைத்திருக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை ராத்திரி சர்வரை அணைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, நாலு வருஷத்துக்கு முந்தைய மெயில் ஒன்றை அட்டாச்மென்ட்டோடு திறந்து பார்த்துவிட வேண்டும்.